பட்டாளத்து வீட்டுக் காலண்டர்: 1842-ல் ஒரு குடும்பம்



எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான். அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. திறந்து பார்த்தால், தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியபடி! ஒவ்வொரு தாளின் பின்னாலும் அம்மாவின் கையெழுத்து. "பாப்பா குப்புற விழுந்தாள்." "பெரியவனுக்கு முதல் பல் விழுந்தது." "கடிதம் வந்தது. லீவு இல்லையாம்."

அம்மாவிடம் கேட்டேன். "உங்க அப்பா வந்ததும் காட்டலாம்னு எடுத்து வெச்சேன்டா. அந்த வருஷம் அவர் எதையுமே பார்க்கலையே" என்றார். அவ்வளவுதான். அடுப்பில் இருந்த குழம்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்புக்காக முதல் ஆங்கிலோ-ஆப்கன் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தளபதிகள், ஒப்பந்தங்கள், கணவாய்கள் என்று வழக்கம்போலத்தான் ஓடியது. நடுவில் ஒரு பாட்டி வந்தார். தானும் தன் மகளும் கைதிகளாக இருந்த ஒரு வருடத்தை நாள் தவறாமல் எழுதி வைத்தவர். பரணில் இருந்த டப்பா உடனே நினைவுக்கு வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சென்னையில் பிறந்த சீமாட்டி

அந்தப் பாட்டியின் பெயர் ஃப்ளோரென்ஷியா சேல். வரலாற்றில் லேடி சேல் என்றால் தெரியும். இவர் பிறந்தது நம் சென்னையில், 1790-ல். தந்தை கிழக்கிந்தியக் கும்பெனியின் சிவில் ஊழியர். ராபர்ட் சேல் என்ற ராணுவ அதிகாரியை மணந்துகொண்டார். அதன் பிறகு கணவரின் ரெஜிமெண்ட் போன இடமெல்லாம் இவருக்கும் வீடு. போர்க்களத்தில் தானே முன்னால் நின்று சண்டை போடுகிறவர் என்பதால் சேலுக்கு "சண்டைக்கார பாப்" என்ற பட்டப்பெயரே உண்டு.

1839-ல் பிரிட்டிஷார் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து, அமீர் தோஸ்த் முகமது கானை விரட்டிவிட்டு ஷா ஷுஜாவைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்ற தைரியத்தில் அதிகாரிகள் தங்கள் குடும்பங்களைக் காபூலுக்கு வரவழைத்தார்கள். லேடி சேலும் கடைசி மகள் அலெக்ஸாண்ட்ரினாவோடு போய்ச் சேர்ந்தார். தோட்டம் போட்டுப் பூச்செடிகளும் காய்கறிகளும் வளர்த்தார். 1841-ல் மகளுக்கும் பொறியாளர் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஜான் ஸ்டர்ட்டுக்கும் காபூலிலேயே கல்யாணம் நடந்தது.

ஒரு அந்நிய நாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அங்கே பூச்செடி நட்டுக் கல்யாணமும் செய்கிறார்களே என்று நமக்கு இன்று தோன்றலாம். அவர்களுக்கு அது தோன்றவில்லை. அதுதான் இந்தக் கதையின் தொடக்கம்.

பிரிவு

கணவாய்களைக் காவல் காக்கும் கில்சாய் இனத் தலைவர்களுக்குக் கும்பெனி ஆண்டுதோறும் பணம் கொடுத்து வந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று 1841-ல் அந்தத் தொகையில் பாதியை வெட்டினார்கள். கணவாய் மூடிக்கொண்டது. வழியைத் திறக்க அக்டோபரில் சேலின் படைப்பிரிவு கிளம்பியது. மனைவியும் மகளும் சில நாட்களில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

அந்தச் சில நாட்கள் ஏறக்குறைய ஒரு வருடம் ஆயின. சேல் சண்டை போட்டுக்கொண்டே ஜலாலாபாத் கோட்டைக்குள் போய் அடைபட்டார். காபூலில் நவம்பர் 2 அன்று கலகம் வெடித்தது. அலெக்ஸாண்டர் பர்ன்ஸ் கொல்லப்பட்டார். அன்றே மருமகன் ஸ்டர்ட்டும் முகத்தில் கத்திக்குத்துப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வரப்பட்டார். டிசம்பர் 23-ல் அரசியல் பிரதிநிதி மக்நாட்டன், தோஸ்த் முகமதுவின் மகன் அக்பர் கானோடு பேசப் போன இடத்தில் கொல்லப்பட்டார். கூடப் போன கேப்டன் டிரெவரும் பிழைக்கவில்லை. டிரெவரின் மனைவி ஏழு குழந்தைகளோடு விதவையானார்.

ஜனவரி 6

1842 ஜனவரி 6. சுமார் 4,500 படைவீரர்கள், சுமார் 12,000 பின்தொடர்வோர். வீரர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பின்தொடர்வோர் என்றால் சமையல்காரர், குதிரைக்காரர், தண்ணீர் சுமப்போர், துணி வெளுப்போர், அவர்களின் மனைவி மக்கள். எல்லோரும் முழங்கால் பனியில் ஜலாலாபாத்தை நோக்கி நடந்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவு மூட்டை முடிச்சுகளைக் கட்டிய பிறகும் லேடி சேல் உட்கார்ந்து அன்றைய நிகழ்ச்சிகளை எழுதினார். காலையில் அந்தத் தாள்களை ஒரு சின்னப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். வழியில் உடுத்திய உடையைத் தவிர மற்ற எல்லாம் போயின. பை மட்டும் தப்பியது.

8-ஆம் தேதி குர்து காபூல் கணவாய். இரண்டு பக்கமும் மலையிலிருந்து துப்பாக்கிச்சூடு. லேடி சேலின் கையில் ஒரு குண்டு பாய்ந்தது. வேறு சில குண்டுகள் அவர் அணிந்திருந்த ஆட்டுத்தோல் அங்கியைத் துளைத்துக்கொண்டு போயின. ஸ்டர்ட்டுக்கு வயிற்றில் குண்டு. கேப்டன் ஆண்டர்சனின் சின்னப் பெண் இந்தக் குழப்பத்தில் காணாமல் போனாள். யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று இரவு மிஞ்சியது நாலைந்து கூடாரங்கள்தான். ஒன்றில் ஏறக்குறைய முப்பது பேர், புரண்டு படுக்கக்கூட இடமில்லாமல். வெளியே குளிரில் விறைத்த சிப்பாய்களும் பின்தொடர்வோரும் உள்ளே நுழையப் பார்த்தார்கள். இடம் கிடைக்கவில்லை. விடியும்போது கூடாரத்தைச் சுற்றிப் பலர் செத்துக் கிடந்தார்கள். லேடி சேலே இதை எழுதியிருக்கிறார். இந்தக் கூடாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருகிறேன்.

மறுநாள் ஸ்டர்ட் இறந்தார். அவரை முறைப்படி அடக்கம் செய்ய முடிந்ததைத் தாங்கள் பெற்ற ஆறுதலாக மாமியார் குறித்து வைத்தார். அலெக்ஸாண்ட்ரினா வயிற்றில் குழந்தை. மூன்று மாதம்கூட நிரம்பவில்லை.

அதே 9-ஆம் தேதி பெண்கள், குழந்தைகள், குடும்பத்தோடு வந்த அதிகாரிகள் எல்லோரும் அக்பர் கானிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவமானம் என்றுதான் அப்போது நினைத்தார்கள். ஆனால் அதுவே அவர்களைக் காப்பாற்றியது. மற்றவர்கள் நடந்தார்கள், நாலே நாட்களில் அழிந்தார்கள். 13-ஆம் தேதி டாக்டர் பிரைடன் மட்டும் காயத்தோடு, சாகக் கிடந்த குதிரையில் ஜலாலாபாத் வந்து சேர்ந்தார். வேறு யாராவது வருவார்கள் என்று சேலின் ஆட்கள் இரவில் விளக்கு ஏற்றி வைத்தார்கள், எக்காளம் ஊதினார்கள். யாரும் வரவில்லை. மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறார்களா என்பது அந்த நேரத்தில் சேலுக்கு எப்படித் தெரியும்?

மண் கோட்டையில் குடித்தனம்

கைதிகளை லக்மான் பள்ளத்தாக்கில் புதியாபாத் என்ற கோட்டைக்குக் கொண்டு போனார்கள். பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முதல் வேலையாக எல்லோரும் முகம் கழுவினார்கள். பனியிலும் வெயிலிலும் தோல் உரிந்துபோயிருந்ததால் அதுவே எரிச்சலாக இருந்ததாம்! சாப்பாடு ஆட்டுக்கறி, சோறு, ரொட்டி. உடம்பெல்லாம் பேன். வழியில் யாரோ எடுத்து வைத்திருந்த ஒரு பைபிளையும் ஜெபப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடத்தினார்கள். வின்சென்ட் அயர் என்ற அதிகாரி கைதிகளின் முகங்களைப் படமாக வரைந்தார். அக்பர் கான் கடிதப் போக்குவரத்துக்கு இடம் கொடுத்தார். ஜலாலாபாத்திலிருந்து துணிமணிகளும் வந்தன.

பிப்ரவரி 19 அன்று பெரிய நிலநடுக்கம். லேடி சேல் அப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட்டதைப் பார்க்கப் போயிருந்தார். கீழே அவர்கள் தங்கியிருந்த அறையின் கூரை இடிந்து விழுந்தது. நல்ல வேளை, மகள் ஏற்கனவே வெளியே ஓடி வந்துவிட்டார். ஜலாலாபாத்தில் சேலின் வீரர்கள் மாதக்கணக்கில் கட்டிய மதில் சுவர்களும் அன்றுதான் இடிந்தன. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில், பல மைல் தள்ளி, ஒரே அதிர்ச்சியில் நின்றிருக்கிறார்கள். எதிரிகள் இடிபாட்டைப் பார்த்து ஏறி வருவதற்குள் சேலின் ஆட்கள் சுவரை எழுப்பிவிட்டார்கள். ஏப்ரல் 7-ல் கோட்டையை விட்டு வெளியே வந்து அக்பர் கானையே தோற்கடித்தார்கள்.

அங்கே வெற்றி என்றால் இங்கே அலைச்சல். கைதிகளை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஏப்ரலில் திருமதி வாலருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதே மாதம் 23-ல் தளபதி எல்ஃபின்ஸ்டன் நோயால் இறந்தார். ஒரு பிறப்பு, ஒரு இறப்பு, மறுபடியும் மூட்டை கட்டுதல். அலெக்ஸாண்ட்ரினாவுக்கு ஏழாம் மாதம் ஆனபோது காபூலுக்கு அருகே இன்னொரு கோட்டைக்குப் பயணம். நம் வீடுகளில் என்றால் வளையல் அடுக்கும் மாதம் அது.

இந்தச் சமயத்தில்தான் காணாமல் போன ஆண்டர்சனின் மகள் திரும்பக் கிடைத்தாள். காபூலில் ஒரு குடும்பம் அவளை அன்பாக வைத்திருந்திருக்கிறது. ஆனால் குழந்தை ஆங்கிலத்தை மறந்துவிட்டாள்! வாய் திறந்தால் பாரசீகம்தான். தன் அப்பா அம்மா காஃபிர்கள், தான் மட்டும் முஸ்லிம் என்று வேறு சொல்லப் பழகியிருந்தாள். பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அழுவதா சிரிப்பதா? குழந்தை பேசக் கற்றுக்கொள்வது எந்த வீட்டிலும் கொண்டாட்டம்தான். இங்கே அந்தக் கொண்டாட்டம் வேறொருவர் வீட்டில், வேறொரு மொழியில் நடந்து முடிந்திருந்தது.

ஜூலை 24 அன்று அலெக்ஸாண்ட்ரினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தாத்தா உயிரோடு இருந்தும் பார்க்க முடியாத தூரத்தில். கைதிகளின் கணக்கில் இன்னொரு பெண் கூடிவிட்டாள் என்ற பொருளில் பாட்டி அன்றைய குறிப்பை எழுதினார். அழுது புலம்பவில்லை. அடுத்த மாதம் அவருக்கே 52 வயது நிறைந்தது.

ஏன் விடவில்லை?

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அக்பர் கான் ஏன் இவர்களை இப்படிக் கட்டிக் காத்தார்? கொடுமைக்காரர் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் விஷயம் அதுவல்ல.

1840 நவம்பரில் சரணடைந்த அவருடைய தந்தை தோஸ்த் முகமதுவும் குடும்பத்தினரும் இந்தியாவில் கும்பெனியின் காவலில் இருந்தார்கள். அந்தக் குடும்பத்திலும் பெண்கள் உண்டு, குழந்தைகள் உண்டு. தன் வீட்டாரை மீட்கக் கையில் இருந்த ஒரே சீட்டு இந்தக் கைதிகள்தான். அதாவது அந்த வருடம் இரண்டு பட்டாளக் குடும்பங்கள் எதிரியின் காவலில் இருந்தன. இரண்டு பக்கமும் குழந்தைகள் பல் முளைத்து, நடந்து, பேசிக்கொண்டிருந்தார்கள். நமக்குப் படிக்கக் கிடைத்திருப்பது என்னவோ ஒரு பக்கத்து நாட்குறிப்பு மட்டும்தான்.

திரும்பி வருதல்

ஆகஸ்டில் ஜெனரல் பொல்லாக்கின் படை காபூலை நோக்கி வரத் தொடங்கியதும் கைதிகளை மலைகளுக்கு அப்பால் பாமியானுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து துருக்கிஸ்தானத்துக்குக் கொண்டு போய் அடிமைகளாக விற்றுவிடுவார்கள் என்ற பயம். அலெக்ஸாண்ட்ரினாவின் கையில் ஒரு மாதக் குழந்தை.

பாமியானில் கதை திரும்பியது. காவல் தலைவர் சாலே முகமதுவோடு கைதிகளே பேரம் பேசினார்கள். 20,000 ரூபாய் ரொக்கம், மாதம் 1,000 ரூபாய் பென்ஷன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் கட்சி மாறினார். கைதிகள் தாங்களாகவே கோட்டையில் கொடி ஏற்றிப் பாதுகாப்புக்குத் தயாரானார்கள். கைதிகளில் இருந்த வீரர்களிடம் துப்பாக்கியை நீட்டியபோது அவர்கள் தயங்கினார்களாம். "என்னிடம் கொடுங்கள், நான் முன்னால் போகிறேன்" என்ற தோரணையில் லேடி சேல் கேட்டதாக உடன் இருந்த அதிகாரி எழுதுகிறார்.

செப்டம்பர் 17-ல் ரிச்மண்ட் ஷேக்ஸ்பியர் 600 கிசில்பாஷ் குதிரை வீரர்களோடு வந்து சேர்ந்தார். 20-ஆம் தேதி சேலே ஒரு படையோடு எதிரே வந்தார். 1782-ல் பிறந்தவர். நம் ஊரில் அறுபதாம் கல்யாணம் நடக்கும் வயது. மனைவியையும் மகளையும் பேத்தியையும் பார்த்தார். ஒரு அதிகாரி அருகே போய் வாழ்த்துச் சொன்னபோது சண்டைக்கார பாபுக்குப் பேச்சு வரவில்லை. முகம் கோணியது. குதிரையைத் தட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார். லேடி சேலோ, அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் ரெஜிமெண்ட் வீரர்கள் வந்து வரவேற்றபோதுதான் வந்தது என்று எழுதுகிறார்.

அதன் பிறகு பிரிட்டிஷார் செய்ததையும் சொல்ல வேண்டும். அக்டோபரில் காபூலின் புகழ்பெற்ற பெரிய கடைத்தெருவை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுத் திரும்பினார்கள். அங்கே கடை வைத்திருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்தானே? 1843-ல் தோஸ்த் முகமது மறுபடியும் காபூல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். இத்தனை சாவும் எதற்கு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

சேல் 1845 டிசம்பரில் முத்கி போரில் பட்ட காயத்தால் இறந்தார். லேடி சேல் 1853-ல் கேப் டவுனில் காலமானார். அலெக்ஸாண்ட்ரினா மறுமணம் செய்துகொண்டதும் ஒரு ராணுவ அதிகாரியைத்தான். 1857 ஜூலையில், பீகாரின் சுகௌலியில், கலகம் செய்த சிப்பாய்கள் கணவன் மனைவி இருவரையும் கொன்றார்கள். பட்டாளத்து வீட்டில் பிறந்து, பட்டாளத்து வீட்டிலேயே வாழ்ந்து முடிந்த ஒரு வாழ்க்கை.

கூடாரத்துக்கு வெளியே

இப்போது அந்தக் கூடாரத்துக்கு வருவோம்.

1843-ல் லேடி சேலின் நாட்குறிப்பு புத்தகமாக வந்து பரபரப்பாக விற்றது. அதனால்தான் ஜூலை 24 என்ற தேதி நமக்குத் தெரியும். ஆண்டர்சனின் மகள் எந்த மொழியில் பேசினாள் என்பதுகூடத் தெரியும். ஆனால் கூடாரத்துக்கு வெளியே இருந்த குழந்தைகள்? குர்து காபூல் கணவாயில் ஒரே நாளில் 500 வீரர்களும் சுமார் 2,500 பின்தொடர்வோரும் இறந்ததாக லேடி சேல் கணக்குச் சொல்கிறார். அந்த 2,500-ல் எத்தனை பேர் கைக்குழந்தைகள்? எவளுக்கு முதல் பல் முளைத்திருந்தது? எவன் அந்த வாரம்தான் நடக்கப் பழகியிருந்தான்? யாரும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் கூடாரத்துக்கு உள்ளே இருந்தார்கள்.

தப்பிய சிப்பாய்கள் பலர் விரல்கள் அழுகிப்போய்க் காபூல் தெருக்களில் பிச்சையெடுத்தார்கள், சிலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அவர்களுடைய மனைவிமார் அயோத்தி, பீகார்க் கிராமங்களில் எத்தனை மாதம் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்களோ! அந்தக் காத்திருப்புக்கு ஒரு தாள்கூட மிஞ்சவில்லை.

லேடி சேலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கையில் குண்டோடும் வயிற்றுப்பிள்ளைக்கார மகளோடும் நடந்தவர், தினமும் உட்கார்ந்து எழுதினாரே, அதற்கே ஒரு கும்பிடு போட வேண்டும். வெளியே செத்தவர்களைப் பற்றியும் அவர் எழுதியதால்தான் இந்தக் கேள்வியையே நம்மால் கேட்க முடிகிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். போரின் வரலாறு தளபதிகளோடு முடிந்துவிடுவதில்லை. அந்த வருடம் எந்தக் குழந்தை எங்கே பிறந்தது, யார் அதைப் பார்க்காமல் போனார் என்பதும் வரலாறுதான். ஆனால் யாராவது எழுதி வைத்தால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் "சுமார் 2,500".

ஊருக்குக் கிளம்பும் முன் அந்தப் பிஸ்கட் டப்பாவை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஒரு தாளில் நின்று, "இந்தத் தேதியில நாங்க மேலே போஸ்ட்ல இருந்தோம். பத்து நாள் பனி. கடுதாசியே வரலை" என்றார். அம்மா எட்டிப் பார்த்தார். "பாப்பா நடந்தாள்" என்று அதில் இருந்தது.

நான் ஒரு பேனா எடுத்து, அப்பா சொன்னதை அந்தத் தேதிக்குக் கீழே எழுதி வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது தாளோ கடிதமோ இருக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். தேதி இல்லை என்றால் பெரியவர்களைக் கேட்டு, இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.